காட்டுப்பூனையா, சிறுத்தைப்பூனையா? குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு அடையாளக் குறிப்பு

சிற்றாறு, கோதையாறு பக்கமிருந்து புள்ளிபோட்ட பூனை ஒன்றின் படம் வாட்ஸ்அப்பில் கிளம்பினால், குலசேகரம் தாண்டுவதற்குள் அது சிறுத்தைக்குட்டி ஆகிவிடும். நாகர்கோவில் வந்து சேரும்போது புலிக்குட்டி. தேரூர் குளத்தங்கரையிலோ ஆரல்வாய்மொழிப் புதரிலோ புள்ளியே இல்லாத ஒன்றைப் பார்த்தால் கதை தலைகீழ்: "யார் வீட்டுப் பூனையோ" என்று விட்டுவிடுவார்கள். முதலில் சொன்னது பெரும்பாலும் சிறுத்தைப்பூனை. இரண்டாவது காட்டுப்பூனையாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. இரண்டுமே நம் மாவட்டத்து விலங்குகள்தான். ஒன்றைத் தேவையில்லாமல் பயந்து விரட்டுகிறோம், மற்றதைக் கண்டுகொள்வதே இல்லை.

பெயரில் சிறுத்தை இருப்பதால் சிறுத்தைக்கு இது தம்பி என்று நினைக்க வேண்டாம். சிறுத்தைப்பூனை பிரியோனைலூரஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்தது. மீன்பிடிப் பூனை அதன் நெருங்கிய சொந்தம். காட்டுப்பூனையோ ஃபெலிஸ் பேரினம், அதாவது நம் அடுப்படியில் படுத்துக் கிடக்கும் பூனையின் பேரினமே. இந்த இரண்டு கிளைகளும் பிரிந்து ஏறத்தாழ 60 லட்சம் ஆண்டு ஆகிறது என்பது மரபணு ஆய்வாளர்களின் கணக்கு. புள்ளி ஒன்றைத் தவிர சிறுத்தைப்பூனைக்கும் சிறுத்தைக்கும் பொதுவாகச் சொல்லும்படி அதிகம் இல்லை.

அளவிலேயே பாதி விடை கிடைத்துவிடும், ஆனால் பக்கத்தில் ஒப்பிட ஏதாவது இருக்க வேண்டும். காட்டுப்பூனை கால் நீண்டு, உடல் ஒல்லியாக, நிமிர்ந்து நிற்கிற விலங்கு. தோள் உயரம் ஒரு அடிக்கு மேல் வரும். நம் நாட்டில் வளர்ந்த ஆண் 5, 6 கிலோ இருக்கும், பெண் அதைவிடக் குறைவு. நடுத்தர ஆசியப் பக்கம் போனால் இதே இனம் 10 கிலோவைத் தாண்டியும் வளரும். சிறுத்தைப்பூனை நன்றாகத் தின்று வளர்ந்த வீட்டுப் பூனை அளவுதான். தெற்காசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் அதன் எடை 4 கிலோவைத் தொடுவதே அரிது. தலை சிறியது, கால் கொஞ்சம் நீளம், விரல்களுக்கு நடுவே தெளிவான தோல்சவ்வு. "ரொம்பப் பெருசா இருந்துச்சு சார், நாய் சைசு" என்று ஒருவர் சொன்னால், அது சிறுத்தைப்பூனை இல்லை என்று தைரியமாக எழுதிக்கொள்ளலாம். ஆனால் இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் பார்த்தவர் சொல்லும் அளவைப் பாதியாகக் குறைத்துக்கொள்வது நல்லது.

நிறத்தை நம்புவதற்கு முன் காதைப் பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் ஒருபோதும் ஏமாற்றாதது அதுதான். காட்டுப்பூனையின் காது பெரியது. அடியில் அகன்று மேலே கூராகி, இரண்டும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக நிற்கும். பின்புறம் செம்பழுப்பு. நுனியில் கறுப்பு மயிர்க்கற்றை ஒன்று இருக்கும், அதிகபட்சம் ஒன்றரை சென்டிமீட்டர். லிங்ஸ் பூனைக்கு இருப்பதுபோலத் தூரத்திலேயே தெரியும் குஞ்சம் அல்ல. பக்கவாட்டில் வெயில் பட்டால் தெரியும், நேரே பார்த்தால் தெரியாமல் போகும். ஆகவே குஞ்சம் தெரியவில்லை என்பதற்காகக் காட்டுப்பூனை இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. சிறுத்தைப்பூனையின் காது சின்னது, முனை மழுங்கி வட்டமாக இருக்கும். பின்புறம் கறுப்பு, நடுவில் பளிச்சென்று ஒரு வெள்ளைப் பொட்டு. விலங்கு முதுகைக் காட்டி ஓடும்போது எடுத்த மங்கலான படத்தில்கூட அந்தப் பொட்டு தெரிந்துவிடும். எல்லோரும் முகத்தைப் படம்பிடிக்கத் துடிக்கிறார்கள். ஓடும்போது பின்பக்கம் எடுத்த படத்தை அழித்துவிடாதீர்கள்.

அடுத்தது முகம். சிறுத்தைப்பூனைக்கு மூக்கின் இரு பக்கமும் கண்ணின் உள்மூலையிலிருந்து நெற்றிக்கு ஏறும் இரண்டு வெள்ளைக் கோடுகள் உண்டு. கூடவே நெற்றியிலிருந்து பிடரி வரை ஓடும் கருங்கோடுகள் நான்கு. அவை தோளுக்கு வரும்போது உடைந்து நீளப் புள்ளிகளாகும். உடம்பில் உள்ளவை தனித்தனித் திட்டுகள், வரிசை வரிசையாக. காட்டுப்பூனையின் முகத்தில் இப்படி எதுவும் எழுதியிருக்காது. மணல் நிறமோ சாம்பல் கலந்த பழுப்போ ஒரே சீராக ஓடும். கண்ணைச் சுற்றிக் கொஞ்சம் வெளிறல், அவ்வளவுதான். கால்களில் மட்டும் மங்கலான பட்டைகள் இருக்கும், முன்காலின் உட்புறத்தில் அவை கொஞ்சம் அழுத்தமாகத் தெரியும்.

வால் மூன்றாவது. காட்டுப்பூனையின் வால் அதன் உடம்புக்குப் பொருத்தமில்லாத அளவு குட்டை. நின்றால் பின்னங்கால் முட்டி வரைக்கும்தான் வரும். கடைசிப் பகுதியில் சில கரும்வளையங்கள், நுனி கறுப்பு. யாரோ வாலை நறுக்கிவிட்டதுபோல ஒரு தோற்றம். சிறுத்தைப்பூனையின் வால் உடல் நீளத்தில் பாதி வரும். மேற்புறம் புள்ளிகள், நுனியை நெருங்கும்போது தெளிவில்லாத வளையங்கள்.

இந்த மூன்றில் இரண்டு கிடைத்தால் போதும். ஒன்று மட்டும் கிடைத்தால் காது.

இனி, எங்கே பார்த்தோம் என்பது. இவ்வளவு சின்ன மாவட்டத்துக்குள் இரண்டு தட்பவெப்பம் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்பது நமக்குக் கிடைத்த வசதி. கிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாய், முப்பந்தல், தோவாளையின் வெளிப்பக்கம் எல்லாம் காற்றடிக்கும் வறண்ட நிலம். உடைமரம், கள்ளி, புதர், பொத்தை. தெற்கே சுசீந்திரம், தேரூர், வேம்பனூர், மணக்குடி என்று குளமும் வயலும் கோரையும். இவை காட்டுப்பூனையின் நாடு. ஆங்கிலத்திலும் நம்மிடமும் பெயரில் 'காடு' ஒட்டிக்கொண்டாலும் அடர்காடு அதற்குப் பிடிக்காது. நாணல், கோரை, உயரமான புல், தரிசு, கரையோரப் புதர் இவைதான் அதற்கு வேண்டும். எகிப்தின் நைல் கரையிலிருந்து வியட்நாம் வரை அது பரவியிருப்பதும் இந்த மாதிரி நிலங்களை ஒட்டித்தான். நன்றாக நீந்தும், தவளையும் மீனும் பிடிக்கும், பறக்கும் பறவையை எம்பிக் குதித்துப் பிடிக்கும்.

வடக்கே பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, கீரிப்பாறை, மாறாமலை, மேல் கோதையாறு வேறு உலகம். இரண்டு மழைக்காலமும் நனைக்கிற மலை. கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயத்தின் சுமார் 402 சதுர கிலோமீட்டரில் பெரும்பங்கு இந்தப் பக்கம். சிறுத்தைப்பூனை இங்கே. தென்னிந்தியாவில் அது மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டு அதிகம் இறங்குவதில்லை. கோடையில் கொதிக்கும் நடு இந்தியச் சமவெளி அதற்கு ஒத்துவராததால் இமயமலை, வடகிழக்குப் பக்கத்து கூட்டமும் நம் மலைக் கூட்டமும் தனித்தனியாகிவிட்டன. மரபணுவிலும் அந்தப் பிரிவு தெரிகிறது. காட்டுப்பூனைக்கு அந்த வெப்பம் ஒரு பொருட்டே இல்லை என்பதால் அது நாடு முழுக்கத் தொடர்ச்சியாக இருக்கிறது.

ஆனால் சிறுத்தைப்பூனை தோட்டத்தைக் கண்டு ஒதுங்குகிற விலங்கும் இல்லை. காப்பி, ஏலம், ரப்பர் என்று நிழலும் ஈரமும் எலியும் இருக்கும் எந்தத் தோட்டத்திலும் இரை தேட வரும். விடியுமுன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போகிறவர்கள்தான் இந்த மாவட்டத்தில் அதை அதிகம் பார்க்கிறவர்கள். மரத்தில் ஏறித் தப்பியது என்று அவர்கள் சொன்னால் அது நல்ல சான்று. சிறுத்தைப்பூனை மரமேறுவதில் கெட்டிக்காரன், மரப்பொந்தில் குட்டி போடவும் செய்யும். காட்டுப்பூனைக்கு ஏறத் தெரியாமல் இல்லை, ஆனால் துரத்தினால் பெரும்பாலும் தரையிலேயே பாயும். குட்டி போடுவதும் தரையில்தான்: நாணல் புதர், முள்ளம்பன்றி விட்டுப்போன வளை, கல்லிடுக்கு.

சிக்கல் வருவது நடுவில். தடிக்காரன்கோணம், சுருளகோடு, குலசேகரம், அருமனை என்று மலையடிவாரத்தில் ரப்பரும் வாழையும் அன்னாசியும் வயலும் கலந்து கிடக்கும் ஊர்களில் இரண்டுமே வரலாம். அங்கே இடத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. காதுக்குத்தான் திரும்பப் போக வேண்டும்.

நேரமும் கொஞ்சம் உதவும். காலை ஒன்பது மணிக்கு வரப்பில் நடந்து போகிற பூனை என்றால் காட்டுப்பூனைக்கு முதல் ஓட்டு. அது அந்தியிலும் விடியலிலும் சுறுசுறுப்பு, பகலிலும் தயங்காமல் வெளியே வரும். சிறுத்தைப்பூனை பெரும்பாலும் இரவுக்காரன்.

மற்றபடி, இரண்டையும்விட அதிகமாகக் கோழிக்கூட்டில் மாட்டுவதும் மச்சில் ஓடுவதும் மரநாய்; மேற்கே மரப்பட்டி என்பார்கள். அதற்கு மூக்கு நீண்டிருக்கும், வால் உடம்பளவு இருக்கும். புனுகுப்பூனைக்குப் புள்ளியும் உண்டு, வாலில் வளையமும் உண்டு; அதனால் சிறுத்தைப்பூனை என்று எண்ணிவிடுவார்கள். வளையங்கள் அடிமுதல் நுனிவரை தெளிவாக இருந்து, முகம் கூம்பி, கால் குட்டையாக இருந்தால் அது புனுகுப்பூனை. சேற்றில் தடம் இருந்தால் எண்ணிப் பாருங்கள். பூனை இனத்துக்கு நான்கு விரல், நகம் பதியாது. மரநாய், புனுகுப்பூனை, கீரி எல்லாவற்றுக்கும் ஐந்து. நாய்க்கும் நரிக்கும் நான்குதான், ஆனால் நகம் பதியும். காட்டுப்பூனையின் தடம் ஏறத்தாழ 5 செ.மீ. நீளம், 6 செ.மீ. அகலம் வரும். சிறுத்தைப்பூனையின் தடத்தை வீட்டுப் பூனையின் தடத்திலிருந்து பிரிப்பது யாராலும் ஆகாத காரியம், அதில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

உண்மையான சிறுத்தைக்குட்டி என்றால் எப்படித் தெரியும்? பாதம் உடம்புக்கு மிஞ்சிப் பருத்திருக்கும். புள்ளிகள் தனித் திட்டாக இல்லாமல் நெருங்கி, வளர வளரப் பூவிதழ்போல வளையமாகும். மூக்கோரத்து வெள்ளைக் கோடு இருக்காது. காதின் பின்னால் வெள்ளைப் பொட்டு சிறுத்தைக்கும் உண்டு, அதனால் இந்த ஒரு கேள்விக்கு மட்டும் காது உதவாது. நெற்றியையும் பாதத்தையும் பாருங்கள்.

முன்னால் ஏதாவது அசைந்தால் தானே படமெடுக்கும் தானியங்கிக் கேமரா வைக்கிறவர்களுக்குத் தனியாகச் சில வார்த்தை. சொந்த விளையில் வைக்கலாம்; காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போகவே கூடாது. மனிதர் இடுப்பு உயரத்தில் கட்டினால் பூனையின் முதுகுதான் கிடைக்கும். தரையிலிருந்து 25 முதல் 30 செ.மீ. உயரம் சரி. விலங்கு நடக்கும் வழிக்கு நேர் குறுக்கே வைக்காமல் கொஞ்சம் சாய்வாக வைத்தால், வரும்போது முகமும் போகும்போது காதின் பின்புறமும் கிடைக்கும். ஒரு தூண்டலுக்கு மூன்று படம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தூரம் 2 மீட்டருக்குக் குறைய வேண்டாம். இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்: ஒரு மீட்டரில் வைத்தால் அகச்சிவப்பு ஒளி முடியில் பட்டுத் திரும்பி, படம் வெளுத்து, புள்ளிகள் கரைந்துபோகும். அப்படி வெளுத்த சிறுத்தைப்பூனை அச்சு அசல் காட்டுப்பூனை மாதிரி இருக்கும். இரவுப் படத்தில் நிறமும் கிடையாது. அப்போது வால் நீளத்தையும் காதின் வடிவத்தையும் மட்டும் வைத்துச் சொல்லுங்கள். கேமரா முன்னால் உள்ள புல்லை வெட்டாமல் விட்டால் ஆரல்வாய்மொழிக் காற்றில் அது ஆடி ஆடி ஒரே இரவில் நினைவட்டை வெற்றுப் படங்களால் நிறைந்துவிடும். மலைப்பக்கம் பகை ஈரமும் எறும்பும். பெட்டிக்குள் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, மூடியின் ரப்பர் வளையத்தில் மணல் ஒட்டியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் துடைத்துப் பாருங்கள். படம் எடுத்த இடத்தில் பின்னால் ஒரு அளவுகோலை வைத்து இன்னொரு படம் எடுத்துக்கொண்டால் தோள் உயரச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

இரண்டுக்கும் முக்கிய இரை எலி. ராஜஸ்தானின் சரிஸ்காவில் நடந்த ஆய்வொன்று காட்டுப்பூனை ஒன்று நாளுக்கு 3 முதல் 5 எலி வரை தின்னும் என்று கணக்கிட்டது. வயல்காரருக்கு இதைவிட மலிவான ஆள் கிடைக்க மாட்டான். ஆனால் நாம் அவனுக்கு வைப்பது விஷம். எலிக்கு வைக்கும் மருந்துகளில் புரோமடியோலோன் கட்டிதான் இதில் மோசம். தின்ற எலி உடனே சாகாது, சில நாள் தள்ளாடிக்கொண்டு திரியும். மருந்து அதன் ஈரலில் தங்கும். தள்ளாடும் எலிதான் பூனைக்கு எளிதில் கிடைக்கும் எலி. அப்படி நாலைந்து தின்றால் பூனைக்கும் இரத்தம் உறையாமல் போய் உள்ளுக்குள் கசிந்து சாகும். துத்தநாகப் பாஸ்பைடு எலியின் வயிற்றிலேயே வாயுவாகிக் கொல்வதால் தசையில் அதிகம் தங்காது. ஆனாலும் குடலோடு தின்றால் ஆபத்துதான். மருந்து வைத்தே ஆக வேண்டும் என்றால் செத்த எலிகளைக் காலையில் பொறுக்கிப் புதைப்பது குறைந்தபட்ச வேலை. கிட்டி வைத்துப் பிடிப்பதும், வரப்பை ஒல்லியாக வெட்டி வளைபோட இடம் விடாமல் வைப்பதும், ஆந்தை உட்கார வயலில் டி வடிவக் கம்பு நடுவதும் இதைவிட நீடித்துப் பலன் தரும்.

கோழி விஷயத்தில் நியாயம் பேசினால் ஒருவரும் கேட்க மாட்டார்கள், கூட்டைச் சரிசெய்வதுதான் வழி. கோழிவலை என்று விற்கும் அறுகோணக் கம்பிவலை கோழி வெளியே போகாமல் தடுக்கும், பூனை உள்ளே வராமல் தடுக்காது. ஒரு இடத்தில் இழுத்தால் பிரிந்துகொண்டே போகும். அரை அங்குல வெல்டட் மெஷ் போடுங்கள். தலை நுழைந்தால் உடம்பும் நுழையும் என்பதால் கதவடி இடைவெளி 5 செ.மீ. இருந்தாலே அதிகம். காட்டுப்பூனை தரையோடு வரும், மண்ணைப் பிராண்டும். வலையை அடியில் வெளிப்பக்கமாக ஒரு அடி மடக்கி, மேலே கல்லோ மண்ணோ போட்டுவிடுங்கள். சிறுத்தைப்பூனை வருகிற ஊரில் கூரைதான் பலவீனம். ஓலைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடுக்கை அடைக்காமல் கதவுக்குப் பூட்டுப் போட்டுப் பிரயோசனமில்லை. ஒரு கோழியைக் கழுத்தில் கடித்துத் தூக்கிப் போவது பூனையின் வழக்கம், ஆனால் கூட்டுக்குள் கோழிகள் படபடத்தால் அதிகமாகவும் கொல்லும். ஆகவே செத்த கோழிகளின் எண்ணிக்கையை வைத்துக் குற்றவாளியைக் கண்டுபிடிக்க முயல வேண்டாம்.

அறுப்புக் காலத்திலும், ரப்பர் மறுநடவுக்கு நிலம் திருத்தும்போதும் குட்டிகள் அகப்படும். இங்கேதான் அடையாளக் குழப்பம் உச்சம்: காட்டுப்பூனைக் குட்டிகளுக்குச் சிறு வயதில் உடம்பில் பட்டையும் புள்ளியும் இருக்கும், வளரும்போது மறையும். புள்ளியைப் பார்த்துப் புலிக்குட்டி என்று ஊரைக் கூட்டிவிடுவார்கள். மூக்கோரத்து வெள்ளைக் கோடு இல்லை, காது கூர் என்றால் காட்டுப்பூனைக் குட்டி. எதுவானாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான். தாய் இரைக்குப் போயிருக்கும், அல்லது பத்தடி தள்ளிப் பதுங்கி நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்த மூலையில் வேலையை நிறுத்துங்கள். குட்டி கிடந்த இடத்திலேயே, அல்லது அதை ஒட்டிய நிழலில், ஓரம் தாழ்ந்த பெட்டியில் வையுங்கள். தாய் கவ்விக்கொண்டு போக வேண்டும் என்பதால் மூடி வேண்டாம். பிறகு ஆட்களும் நாய்களும் இரவு முழுக்க அந்தப் பக்கம் போகக் கூடாது. வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள். பசும்பால் கொடுத்தால் குட்டிக்கு வயிற்றுப்போக்கு கண்டு, நீர் வற்றிச் சாகும். இரக்கத்தால் செத்த குட்டிகள் நிறைய. வீட்டுக்குக் கொண்டுபோய் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சிறுத்தைப்பூனையையும் வீட்டுப் பூனையையும் கலந்து வெளிநாட்டில் உண்டாக்கிய 'பெங்கால்' வகையைப் பார்த்துவிட்டு, இதுவும் பழகும் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வகை பல தலைமுறை வீட்டுப் பூனையோடு சேர்த்துச் சேர்த்து அடக்கியது. காட்டிலிருந்து எடுத்த குட்டி சில மாதத்தில் கையைக் கிழிக்கும்.

வீட்டுப் பூனையால் காட்டுப்பூனைக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. இரண்டும் ஒரே பேரினம் என்பதால் இணைசேரும், கலப்புக் குட்டியும் பிறக்கும். வயலோர வீடுகளில் அவிழ்த்துவிட்ட பூனை இருந்தால் கருத்தடையும் தடுப்பூசியும் போடுவது நல்லது. பூனைகளுக்கு வரும் பான்லூக்கோபீனியா எனும் உயிர்கொல்லி நோய் காட்டில் வாழும் பூனைகளுக்கும் தொற்றும்.

முழுக்கக் கறுப்பான பெரிய பூனை என்று யாராவது சொன்னால் சிரித்துவிடாதீர்கள். காட்டுப்பூனையில் கருநிறப் பிறவிகள் இந்தியாவில் பதிவாகியிருக்கின்றன. கால் நீளமும் வால் குட்டையும் பொருந்துகிறதா என்று கேளுங்கள்.

சாலையில் அடிபட்டுக் கிடந்தால், பாவம் என்று ஓரத்தில் தள்ளிவிடும் முன் நான்கு படம்: பக்கவாட்டில் முழு உடம்பு, காதின் பின்புறம், நெற்றி, வால் நீட்டியபடி. பக்கத்தில் ஒரு செருப்போ பேனாவோ அளவுக்கு. போனில் இருப்பிடத்தை இயக்கி, தேதியோடு வனத்துறைக்கு அனுப்புங்கள். கையால் தொட வேண்டாம்.